முனைவர் பட்டம்: உங்களுக்கு எத்தனை வருடம் ஆனது?

பிப்பெட்:
வேதியியல், முழுநேரம். 2017 ஜனவரியில் பதிவு, 2024 மார்ச்சில் வைவா, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வு. "அப்படி என்னதான்டா படிக்கிறே?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. உண்மையில் ஆய்வுக்குப் போனது நாலரை வருடம்தான், மீதி காத்திருப்பு. சேர்மத்தின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் கருவி எங்கள் துறையில் கிடையாது. சாம்பிளை வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு ஸ்பெக்ட்ரம் வர ஒன்றரை மாதம். அதைப் பார்த்தால்தான் நினைத்த சேர்மம் வந்ததா என்றே தெரியும். வரவில்லையென்றால் மறுபடி முதலில் இருந்து.

தீசிஸ் கொடுத்தது 2022 டிசம்பரில். மதிப்பீட்டை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. எனக்கு 15 மாதம். ஒரு தேர்வாளர் இரண்டே மாதத்தில் அறிக்கை அனுப்பிவிட்டார். இன்னொருவர் பதிலே போடவில்லை. அவருக்குப் பதில் வேறொருவரைப் போடக் கோப்பு நகர்ந்து கையெழுத்தாகி வர ஐந்து மாதம். ஆய்வு உதவித்தொகை ஜேஆர்எஃப், எஸ்ஆர்எஃப் எல்லாம் சேர்த்து ஐந்து வருடம்தானே? அது எப்போதோ நின்றுவிட்டது.

வில்லிசை:
தம்பி, நான் எட்டு வருடம். பகுதிநேரம், தமிழ்த்துறை. ஆனால் எனக்குக் குறையில்லை. நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் பாடும் வில்லுப்பாட்டுதான் தலைப்பு. கொடை வருடத்துக்கு ஒரு தடவை. ஒரு ஊரைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான். 2020, 2021 இரண்டும் கொரோனாவில் போயின. பெரியவர் ஒருவர் நான் நான்காவது தடவை போனபோதுதான் டிரங்குப் பெட்டியைத் திறந்து, அவர் அப்பா கைப்பட எழுதிய கதைப்பாட்டு நோட்டைக் காட்டினார். மூன்று வருடத்தில் முடித்திருந்தால் என் ஆய்வில் அந்த நோட்டு ஏது? பெண்களுக்குக் கூடுதலாகத் தரும் இரண்டு வருடமும் 240 நாள் மகப்பேறு விடுப்பும் இல்லையென்றால் பாதியில் விட்டிருப்பேன், அது வேறு கதை.

மழைநாடு:
இங்கிலாந்தில் மூன்றே முக்கால் வருடத்தில் முடித்தேன். மூன்றரையில் பணம் நின்றுவிடும், வேறு வழியில்லை. தீசிஸ் கொடுத்த பத்தாவது வாரம் வைவா. ஆனால் கடைசி அத்தியாயத்துக்குத் திட்டமிட்ட சோதனையைச் செய்யாமலே விட்டேன், இன்னும் உறுத்துகிறது. அப்புறம் பிப்பெட், அந்த 15 மாதம் சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?

பிப்பெட்:
கோச்சிங் சென்டரில் நீட் கெமிஸ்ட்ரி. வைவா அன்றைக்கும் சாயங்காலம் ஆறு மணி பேட்ச் எடுத்தேன்.