தம்பியை அவன் மனைவி அடிக்கிறாள், சட்டத்தில் ஏதாவது வழி இருக்கா?

வெள்ளவத்தை அக்கா:
தம்பி தெஹிவளையில் இருக்கிறான், கல்யாணம் கட்டி ஐந்து வருசம், மூன்று வயதில் மகள். போன ஞாயிறு இங்கே சாப்பிட வந்தவன் கை கழுவச் சட்டையை மடித்தபோது பார்த்தேன், முழங்கைக்கு மேலே பின்பக்கமாக அயர்ன் சுட்ட அடையாளம், அதன் முனை அப்படியே பதிந்திருக்கிறது. தெரியாமல் பட்டதாம். அந்த இடத்தில் யாருக்குத் தெரியாமல் படும்? நெருக்கிக் கேட்டபிறகுதான் எல்லாம் வந்தது. சம்பளக் கார்ட் அவளிடம், பஸ்ஸுக்கும் கேட்டுத்தான் வாங்க வேண்டும், திருப்பிக் கதைத்தால் கையில் அகப்பட்டதால் அடி. அவன் ஒருநாளும் திருப்பிக் கை நீட்டியதில்லை. பொலிஸுக்குப் போவோமென்றால், "சிரிப்பாங்கள் அக்கா, நான்தான் அடிச்சேன் எண்டு அவள் எழுதிக் குடுத்தா உள்ளே போறது நான்" என்கிறான். என்ன செய்யலாம்?

காலி வீதி:
இரண்டு போட்டால் அடங்கிவிடுவாள். ஆம்பிளைப் பிள்ளை அக்காவிடம் வந்து அழுவதா?

புதுக்கடைப் பக்கம்:
காலி வீதி சொன்னதைத் தம்பி தப்பித் தவறியும் செய்துவிட வேண்டாம், ஒரு அறை விட்டால் அதோடு வழக்கு தலைகீழாகிவிடும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பெண்களுக்கு மட்டும் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பாதிக்கப்பட்டவர் கணவனாகவும் இருக்கலாம். நீதவான் நீதிமன்றத்தில் அவரே விண்ணப்பிக்கலாம், அவருக்காகப் பொலிஸும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரித்தபின் 12 மாதம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை கிடைக்கும். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். அடி மட்டுமல்ல, தொடர்ந்து கேவலப்படுத்திக் கொடுமை செய்வதும் இதற்குள் வரும்.

ஆனால் சட்டம் எல்லா இடத்திலும் இப்படி இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் பாலியல் வல்லுறவு என்பது இன்றைக்கும் ஆண் பெண்ணுக்குச் செய்வது மட்டும்தான்.

இப்போதைக்குக் காயம் ஆறமுன் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அங்கேயே பொலிஸ் இருக்கிறது. என்ன நடந்தது என்று உள்ளதைச் சொன்னால்தான் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும், அயர்ன் தவறிப் பட்டது என்று ஆஸ்பத்திரி டிக்கெட்டில் எழுதப்பட்டுவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. வீட்டை விட்டு வெளிக்கிடுவதென்றால் பொலிஸில் என்ட்ரி போட்டுவிட்டு வெளிக்கிடட்டும், இல்லாவிட்டால் கைவிட்டுப் போனான் என்று நாளைக்கு விவாகரத்து வழக்கில் வரும். லோயருக்குக் காசில்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பிளேன்ரீ:
வழக்கமாக இந்தத் தலைப்பு வந்தாலே எனக்குக் கோபம் வரும். ஒரு பெண் அடி வாங்கினேன் என்று எழுதினால், ஆம்பிளைகளுக்கு நடக்காதா என்று கேட்டு அவள் வாயை மூடத்தான் நிறையப் பேர் வருவார்கள். 2019இல் அரசாங்கம் எடுத்த கணக்கிலேயே ஐந்தில் ஒரு பெண் துணைவனிடம் அடியோ பாலியல் வன்முறையோ பட்டிருக்கிறாள். ஆனால் இங்கே சுடுபட்டது ஒரு மனிசன்ட கை, அதற்கு எதிர்க்கணக்குப் பார்க்கத் தேவையில்லை. கார்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வங்கிக்குப் போய் அந்தக் கார்டை நிறுத்திப் புதிது எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் சம்பளத்தை வேறு கணக்குக்கு மாற்றட்டும், ஆனால் அன்றைக்கு இரவு அவன் அந்த வீட்டில் தங்கக் கூடாது. கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926, மனநல உதவி இலக்கம்.

வெள்ளவத்தை அக்கா:
பெரிய உதவி. ஆஸ்பத்திரிக்கு ஓம் என்கிறான், பொலிஸுக்குத்தான் தயங்குகிறான். பிள்ளையைத் தரமாட்டார்கள் என்ற பயம். அவனுக்குச் சிங்களம் கதைக்க வரும், வாசிக்க வராது.

புதுக்கடைப் பக்கம்:
அப்படியென்றால் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கட்டும், அது அவன் உரிமை. தமிழ் தெரிந்தவர் டியூட்டியில் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றால் நாளைக்கே போகலாம், வாசிக்கத் தெரியாத கடதாசியில் மட்டும் கையெழுத்து வைக்க வேண்டாம். பிள்ளை விசயம் வேறு வழக்கு. சின்னப் பிள்ளை என்றால் தாயின் பக்கம் சாய்வது வழமைதான், ஆனாலும் நீதிமன்றம் பார்ப்பது பிள்ளையின் நலனை, அயர்னால் சுட்டது பதிவில் இருந்தால் அதையும் பார்க்கத்தான் வேண்டும். நீங்களும் கூடப் போங்கள், காயத்தைக் கண்ட சாட்சி நீங்கள்தான்.