கொய்யாச் சாறு: மீயொலி கொடுத்தும் அடியில் படியுது, என்ன செய்யலாம்?

ஊவாக்கொய்யா (பண்டாரவளை):
20 கிலோஹெர்ட்ஸ் மீயொலிப் புரோப் (சாறுக்குள்ள அமிழ்த்துற, மிக வேகமா அதிரும் கம்பி), முனை 13 மி.மீ. கூழ் 25%, மீதி தண்ணியும் சீனியும், சிட்ரிக் அமிலம் போட்டு பிஎச் (புளிப்பு அளவு) 3.8. பீக்கரில் 500 மி.லீ., முழு அம்ப்ளிட்யூட் (அதிர்வு வீச்சு), விடாமல் 10 நிமிஷம். எடுத்தவுடன் சீராத்தான் இருக்கு. மூணாம் நாள் மேலே தெளிஞ்சு கூழ் கீழே போயிடுது. நுரையும் கூட, லேசா உலோக வாடை. நேரத்தைக் கூட்டணுமா?

லெப்_அக்கா:
கூட்டாதீங்க தம்பி. ஒலி கூழைப் பொடியாக்கும், அவ்வளவுதான். பெக்டின் மெத்தில் எஸ்டரேஸ் நொதியை அடக்க ஒலி மட்டும் போதாது. அந்த நொதி பெக்டினிலிருந்து (பழத்தில் இருக்கிற, கூழாக்கும் பொருள்) மெத்தில் என்ற சின்னத் துண்டுகளைக் கழட்டிவிடும். கழண்ட இடங்களைக் கல்சியம் பிணைக்கும், திரண்டு அடியில் உட்காரும். உங்க தண்ணி கடினத் தண்ணின்னா இன்னும் சீக்கிரம்.

கூழை வடிச்சு, முதல்ல 90 பாகையில் 1 நிமிஷம் சூடாக்குங்க. உங்க ஊர் உயரத்தில் தண்ணி ஏறத்தாழ 96லேயே கொதிக்கும், அதனால் கொதிதண்ணிச் சட்டிக்குள்ள வச்ச கூழ் 90ஐத் தொட நேரமெடுக்கும். தெர்மாமீட்டரை நடுவில் வச்சு, 90 காட்டின பிறகு எண்ணுங்க. ஆறவிட்டு, தண்ணி சீனி கலந்து, அப்புறம்தான் ஒலி: 5 செக்கன் ஓட்டம், 5 செக்கன் நிறுத்தம், பீக்கரைச் சுற்றி ஐஸ், சாறு 40 பாகை தாண்டக் கூடாது. கூழை உடைக்கிற குமிழி வெடிப்பு முனைக்குக் கீழே கொஞ்ச இடத்தில்தான் நடக்கும். அதனால் மெதுவா கலக்கிக்கிட்டே ஓட்டணும்.

நுரைக்குக் காரணம் முனை மேலாக நிற்கிறது. 2–3 செ.மீ. அமிழ்த்துங்க. காற்று கலந்தால் சக்தியும் வீண், விட்டமின் சியும் குறையும்.

ஊவாக்கொய்யா:
சக்தி எவ்வளவு போகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது அக்கா? டிஸ்ப்ளேயில் வாட் காட்டுது.

லெப்_அக்கா:
அது கருவி இழுக்கிற மின்சாரக் கணக்கு, சாறுக்குள்ள போறது இல்ல. 500 மி.லீ. தண்ணியை ஐஸ் இல்லாமல் 1 நிமிஷம் ஓட்டி வெப்ப உயர்வைப் பாருங்க. 3 பாகை ஏறினால்: 0.5 கிலோ × 4180 (தண்ணியின் வெப்பக் கொள்ளளவு) × 3 பாகை ÷ 60 செக்கன், சுமார் 105 வாட். மி.லீக்கு 0.2 வாட்.

மலைப்பொறி:
வாடைக்கு முனையைப் பாருங்க. மங்கிக் குழி விழுந்திருந்தால் டைட்டேனியம் தேய்ஞ்சு சாறுக்குள்ள போகுது. அளவு மீறி அரம் போட்டால் நீளம் குறைஞ்சு ஒத்ததிர்வு தவறும், புரோப்பை ஓட்டுற ஜெனரேட்டர் அதோட டியூன் ஆகாது. மாத்துறதே நல்லது. காதுக்கு மஃப் போடுங்க.

தேயிலைக்காட்டான்:
கிளீனிங் பாத் (பொருள் கழுவுற மீயொலித் தொட்டி) 40 கிலோஹெர்ட்ஸ் இருக்கு, அதில் போத்தலோட வைக்கலாமா?

லெப்_அக்கா:
காற்று வெளியேத்த உதவும். கூழ் உடைய பத்தாது. எதுவானாலும் ஒலியை நம்பிக் கிருமிப் பாதுகாப்பை விடாதீங்க: 85 பாகையில் சூடாகவே போத்தலில் அடைச்சு, மூடி, 3 நிமிஷம் கவிழ்த்து வச்சு, பிறகு குளிர்த்துங்க.