ஜார்ஜ் ஒரு ரூபா வெள்ளிக் காயின்: எடை சரியா இருக்கு, காந்தமும் ஒட்டல, ஆனாலும் டவுட்

வெள்ளிக்காசு:
வணக்கம் நண்பர்களே, என்கிட்ட ஐந்தாம் ஜார்ஜ் ஒரு ரூபா ரெண்டு இருக்கு, ஒண்ணு 1911 இன்னொண்ணு 1918. ரெண்டுமே 11.6 கிராம் வருது, காந்தம் ஒட்டல. ஆனா பக்கத்துல பக்கத்துல வச்சா 1911 கொஞ்சம் தடிமனா தெரியுது, விளிம்பு வரிகளுக்கு நடுவுல சன்னமா ஒரு கோடு காசைச் சுத்தி ஓடுது. வெளிய கிரேடிங்குக்கு, அதாவது காசு அசலா, எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பாத்து 70க்கு இத்தனைன்னு எண் போடுற இடத்துக்கு, அனுப்புறதுக்கு முன்னாடி நானே ஒரு முடிவுக்கு வரணும், எதுல ஆரம்பிக்கிறது?

தராசுமுள்:
காந்தம் ஒட்டலன்னா இரும்பு இல்லன்னு மட்டும்தான் அர்த்தம், செம்பு பித்தளை ஜெர்மன் சில்வர் எதுலயுமே ஒட்டாது. எடையும் அப்படித்தான், இந்தக் காசு ஒரு தோலா, அதாவது 11.66 கிராம்னு ஃபேக் அடிக்கிறவனுக்கும் தெரியும். ஆனா வெள்ளியை விட லேசான உலோகத்துல அந்த எடையக் கொண்டுவரணும்னா காசு பருத்துத்தான் ஆகணும், நீங்க சொன்ன தடிமன் அங்கதான் உறுத்துது. அடர்த்தி பாத்துருங்க. 0.01 கிராம் காட்டுற தராசுல ஒரு கப் தண்ணி வச்சு ஜீரோ பண்ணிட்டு, காசை நூல்ல கட்டி முழுசா முங்குற மாதிரி தொங்க விடுங்க, அடியிலயும் சுவத்துலயும் படக்கூடாது, காசுல காத்துக் குமிழி ஒட்டியிருந்தா தட்டி விட்டுருங்க. அப்ப தராசு காட்டுற எண்ணால காசோட எடைய வகுங்க. இது 91.7 சதவீத வெள்ளி, 10.3 பக்கம் வரணும்.

லூப்கண்ணன்:
இன்னொண்ணு, 1911ல ராஜா அங்கியில இருக்கிற யானைக்குத் தும்பிக்கை குட்டையா இருந்து பன்னி மாதிரி தெரியுதுன்னு பெரிய எதிர்ப்பு வந்துச்சு, 1912ல இருந்து திருத்திட்டாங்க. லூப், அதாவது கண்ணுல வச்சுப் பாக்குற சின்ன பூதக்கண்ணாடி, வச்சு யானையப் பாத்துட்டு சொல்லுங்க.

வெள்ளிக்காசு:
பாத்துட்டேன். 1918க்கு தராசு 1.12 காட்டுச்சு, வகுத்தா 10.36. 1911க்கு 1.37, அதாவது 8.5 கூட வரல. யானைக்கும் தும்பிக்கை நல்லா நீளமா இருக்கு!

தராசுமுள்:
அப்ப 1911 ஃபேக் தாங்க, சந்தேகமே வேணாம். பிந்தின வருசக் காசுல அச்சு எடுத்து வருசத்த மட்டும் மாத்தியிருக்கான், விளிம்புல ஓடுற கோடு ரெண்டு பாதி அச்சும் சேந்த இடம். 1918ஓட உலோகம் சரியா இருக்கு, யானை, எழுத்து, விளிம்பு எல்லாத்தையும் லூப்ல பாத்துட்டு கிரேடுக்கு வாங்க. ஒத்த பல்பு வெளிச்சத்துல மெதுவா சாய்ச்சுப் பாருங்க, ஒளி பட்டையா காசு மேல சுத்தி வரணும். கிரீடம், காது, மீசை மாதிரி மேடான இடத்துல மட்டும் அந்த ஒளி செத்து சாம்பலா தெரிஞ்சா ஏயூ (கிட்டத்தட்ட புழங்காத காசு), அதாவது 70க்கு 50லேருந்து 58க்குள்ள. உருவமோ எழுத்தோ இல்லாத சமமான பரப்புலயும் ஒளி போயி, எழுத்தோரமா மட்டும் மிச்சம் இருந்தா எக்ஸ்எஃப் (லேசா தேஞ்ச காசு), 40 இல்ல 45. ஒரே திசையில மயிரிழைக் கீறலா தெரிஞ்சா எப்பவோ யாரோ தேய்ச்சுக் கழுவியிருக்காங்க, அதுக்கு எண் கிரேடு கிடைக்கிறது கஷ்டம். கறுப்பா இருக்குன்னு தயவுசெஞ்சு நீங்க பாலிஷ் போட்டுறாதீங்க, போன மேல்பரப்பு திரும்ப வராது.