டாக்டர் கொடுக்கும் பொட்டல மாத்திரையில் என்ன இருக்கிறது என்று எப்படிக் கேட்பது?

கரிசல்மகள்:
அம்மாவுக்கு 62 வயது. எட்டு வருடமாக சுகர், மெட்பார்மின் போடுகிறார். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊருக்குச் சாயங்காலம் மட்டும் வரும் டாக்டரிடம்தான் குடும்பமே இருபது வருடமாகக் காட்டுகிறது. அப்பா படுக்கையில் கிடந்தபோது ராத்திரி பதினோரு மணிக்கு வீடு தேடி வந்து பார்த்தவர். அதனால்தான் இதை எழுதவே கை வரவில்லை.

ஆறு வாரமாக அம்மாவுக்கு மூட்டுவலி. போகும்போதெல்லாம் இடுப்பில் ஒரு ஊசி, காகித உறையில் மாத்திரை. உறைமேல் பேனாவில் 1-0-1, அவ்வளவுதான். சீட்டு கிடையாது. நேற்று உறையைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். மஞ்சளில் ஒன்று, பொடிசாக வெள்ளையில் ஒன்று, ரோஸ் கேப்சூல் ஒன்று. கேப்சூலை மட்டும் அட்டையோடு கத்தரித்திருக்கிறார்கள், பெயர் இருக்கும் பக்கம் போய்விட்டது. மற்ற இரண்டும் உதிரி.

வலி பறந்துவிட்டது, கைராசி டாக்டர் என்று அம்மா தெருவெல்லாம் சொல்கிறார். ஆனால் முகம் உப்பியிருக்கிறது. வெறும் வயிற்றில் சுகர் 286. முன்பெல்லாம் 140 தாண்டாது. இன்னொன்று, ஊசி போடும் பெண் மருந்தை முன்கூட்டியே ஏற்றி ட்ரேயில் வரிசையாக வைத்திருக்கிறார். புது ஊசிதானா என்று நமக்கு எப்படித் தெரியும்? அவர் மனம் நோகாமல் இதையெல்லாம் கேட்க வழி சொல்லுங்கள்.

மருந்துக்கடை அண்ணாச்சி:
தங்கச்சி, 31 வருடம் மெடிக்கல் ஷாப்பில் நின்றவன். நிறத்தை வைத்து மாத்திரையின் பெயரைச் சொல்ல முடியாது, யாராவது சொன்னால் நம்பாதே. ஆனால் வலி சட்டென்று போவது, முகம் உப்புவது, சுகர் ஏறுவது மூன்றும் சேர்ந்து வந்தால் ஸ்டீராய்டு என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன்.

பயத்தில் எல்லா மாத்திரையையும் இன்றைக்கே நிறுத்திவிடாதே. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு போட்டால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, பிரஷர் இறங்குவது வரை போகும். டாக்டர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாளைக்கே போ. கூடவே சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல். ஊசியிலோ மாத்திரையிலோ வலி மருந்து இருந்தால், சுகர்காரருக்குச் சிறுநீரகத்தையும் கவனிக்க வேண்டும்.

வெள்ளைச்சீருடை:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சாக இருக்கிறேன். ஊசி விஷயத்தில் கூச்சமே படாதீர்கள். உறையை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், போட்ட பிறகு எங்கே போடுகிறார்கள் என்றும் பாருங்கள். 2009இல் குஜராத்தின் மோடாசாவில் மஞ்சள் காமாலை, ஹெபடைட்டிஸ் பி, பரவிப் பலர் இறந்ததற்கு ஒருவருக்குப் போட்ட ஊசியையே மற்றவர்களுக்கும் போட்டதுதான் காரணம். உங்கள் ஊரிலும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. முன்கூட்டியே ஏற்றி வைத்தால் எது யாருக்கென்று மாறிப்போகவும் வாய்ப்பு உண்டு. மாத்திரையால் சரியாகும் வலிக்கு ஊசி எதற்கு என்றும் கேளுங்கள்.

தெற்குவாசல்:
சீட்டு கேட்பது அவரை அவமதிப்பது ஆகாது. மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகளில் பதிவு எண்ணை கிளினிக்கிலும் சீட்டிலும் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. நோயாளி கேட்டால் ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. என்னைக் கேட்டால் டாக்டரையே மாற்றிவிடுவேன்.

கரிசல்மகள்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று கடைசி டோக்கன் வாங்கிக்கொண்டு போனேன், அப்போதுதான் கூட்டம் இருக்காது. சுகர் ரிப்போர்ட்டை மேசையில் வைத்து, "சார், நான் மதுரையில் வேலை பார்க்கிறேன். ராத்திரி அம்மாவுக்கு ஒன்று ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை என்று கேட்பார்கள், எனக்குச் சொல்லத் தெரியாது. எழுதிக் கொடுங்கள்" என்றேன். அவர் 286ஐயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் டிராயரிலிருந்து லெட்டர் பேடை எடுத்தார். வெள்ளை மாத்திரை பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராம், ஸ்டீராய்டுதான். அண்ணாச்சி சந்தேகப்பட்டது சரிதான். எந்த நாளில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று தேதி போட்டு எழுதி, மூன்று நாளுக்கு ஒருமுறை சுகர் பார்த்து போனில் சொல்லச் சொன்னார். ஊசி வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். கிரியாட்டினினுக்கும் எழுதியிருக்கிறார், ரிப்போர்ட் நாளை வரும்.

டாக்டரை மாற்றப்போவதில்லை, தெற்குவாசல். ஆனால் ட்ரேயைப் பற்றிக் கேட்க நேற்று எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பெண் பக்கத்திலேயே நின்றார், 20 வயதுகூட இருக்காது. வரும் வியாழக்கிழமை டாக்டரிடம் தனியாகக் கேட்பேன். அம்மா சீட்டை நான்காக மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார்.