புதுப்பிப்பு: பதின்வயதினருக்கான புத்தகங்கள்

பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்குச் சரித்திர நாவல்களைத் தாண்டி என்ன தரலாம் என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி இது. நீங்கள் சொன்னதில் பூமணியின் ‘வெக்கை’தான் அவளை இழுத்துப் பிடித்தது, கொலை செய்துவிட்டு அப்பாவோடு காட்டில் ஒளிந்து திரியும் சிதம்பரத்துக்கும் அவள் வயதுதான், 15, அந்த ஓட்டத்திலும் பசிக்குச் சமைத்துச் சாப்பிட்டு, அம்மாவை நினைத்து ஏங்குகிறான், அதனாலேயே கீழே வைக்காமல் படித்தாள். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ மெதுவாகத்தான் போகிறது, ஆனால் கிரிக்கெட் ஆடித் திரியும் சந்திரசேகரனின் கண்வழியே, நிஜாம் ஆட்சி முடிந்து இந்தியாவோடு இணைந்த 1948 ஹைதராபாத்தைப் பார்ப்பது பாடப்புத்தகத்தில் கிடைக்காது. அப்புறம் மர்ஜானே சத்ரபியின் ‘பெர்சபோலிஸ்’. படக்கதைதானே என்று ஒதுக்காதீர்கள், ஈரான் புரட்சிக்குள் வளர்ந்த பெண்ணின் கதை அது. அடுத்து பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’. பேச்சுவழக்கில் எழுதியது, சத்தமாக வாசிக்கச் சொல்லப்போகிறேன்.