உதவி: தட்டின் அடியில் இருக்கும் விரிசலை என் சென்சார் பிடிக்கவில்லை

பீன்யா பட்டறை:
எடி கரண்ட் சென்சார் ஒன்று நானே செய்தேன். காயிலின் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாக்கும், விரிசல் இருந்தால் அது மாறும். மேல்பக்கக் கீறல் நன்றாகத் தெரிகிறது. அடிப்பக்க விரிசல் துளியும் தெரியவில்லை. கெயினை (சிக்னல் பெருக்கத்தை) கூட்டினால் இரைச்சல்தான் கூடுகிறது. திங்கட்கிழமை கஸ்டமரிடம் காட்ட வேண்டும், அவசரம்.

அல்சூர்க்காரன்:
என்ன உலோகம், எத்தனை மில்லி கனம், எந்த ஃப்ரீக்வென்சி? இது தெரியாமல் எதைச் சொல்வது?

காயில் மீனா:
காயில் விட்டமும் சொல்லுங்கள். எனக்கு இது இடைவெளிப் பிரச்சினையாகத்தான் படுகிறது. புரோப் (காயில் இருக்கும் முனை) தட்டிலிருந்து கொஞ்சம் மேலெழும்பினாலே அந்தச் சிக்னல் விரிசலை விழுங்கிவிடும். ஸ்பிரிங் வைத்துப் பிடி செய்யுங்கள். இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து வித்தியாசத்தை மட்டும் எடுங்கள்.

பழைய இன்ஸ்பெக்டர்:
தம்பி, ஸ்கின் டெப்த் (மின்னோட்டம் உலோகத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்ற அளவு) தெரியாமல் காயில் சுற்றக் கூடாது. நாங்கள் அதைப் படித்த பிறகுதான் புரோபையே தொட்டோம். ஃப்ரீக்வென்சியை நாலில் ஒன்றாக்கினால் ஆழம் இரண்டு மடங்காகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பீன்யா பட்டறை:
மன்னிக்கவும். 6061 அலுமினியம், 6 மில்லி. 100 கிலோஹெர்ட்ஸ். காயில் விட்டம் 5 மில்லி.

அல்சூர்க்காரன்:
அங்கேதான் சிக்கல். அந்த அலுமினியத்தில் 100 கிலோஹெர்ட்ஸுக்கு ஸ்கின் டெப்த் சுமார் 0.3 மில்லி. ஒவ்வொரு 0.3 மில்லிக்கும் மின்னோட்டம் 37 சதவீதமாகச் சுருங்கும். அடிப்பக்கம் போவதற்குள் ஒன்றும் மிஞ்சாது, கெயின் எதைப் பெருக்கும்? 250 ஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள், 6 மில்லி வரை கிடைக்கும். காயிலையும் 20 மில்லி ஆக்குங்கள். சின்னக் காயிலின் புலம் தன் விட்டத்தைத் தாண்டி அதிகம் இறங்காது. இன்னொன்று, ஃப்ரீக்வென்சி குறையக் குறைய வாங்கும் காயிலில் வோல்டேஜும் விழும். அதனால் வாங்குவதற்கு ஹால் சென்சாரோ டிஎம்ஆர் சென்சாரோ வையுங்கள், அவை காந்தப்புலத்தையே நேராக அளக்கும்.

ஓசூர் லேத்:
எதற்கு இத்தனை பாடு? அல்ட்ராசோனிக் (மீயொலிச் சோதனை) வைத்தால் முடிந்தது.

காயில் மீனா:
ஜெல் தடவ வேண்டும், பெயின்ட் உரிந்திருந்தால் தகராறு. எடி கரண்டுக்குத் தொடவே வேண்டாம்.

பழைய இன்ஸ்பெக்டர்:
மேடம், தட்டுக்கு இணையாகப் படுத்திருக்கும் பிளவை எடி கரண்ட் கண்டுகொள்ளாது. மின்னோட்டமும் இணையாகத்தானே ஓடுகிறது? அதற்கு அல்ட்ராசோனிக்தான்.

காயில் மீனா:
சரி சார், ஆனால் அவர் கேட்டது அடியிலிருந்து மேலே ஏறும் விரிசல். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

ஓசூர் லேத்:
அதற்கும் அல்ட்ராசோனிக்கில் ஒலியைச் சாய்வாக அனுப்பும் சாய்கோண புரோப் இருக்கிறதே!

அல்சூர்க்காரன்:
பட்டறை அண்ணா, அதே கனத் தட்டில் 1, 2, 3 மில்லி ஆழத்துக்குக் காடி வெட்டி முதலில் அதில் சோதியுங்கள்.

பீன்யா பட்டறை:
பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஹால் சென்சார் வாங்கி, 250 ஹெர்ட்ஸில் ஓட்டினேன். அடியில் வெட்டிய 2 மில்லி காடி தெரிகிறது. 1 மில்லி இன்னும் தெரியவில்லை. நன்றி.