எடின்பரோக் குன்றுகளில் நாயுடன் நடப்பவருக்குப் பிடிகயிறு கட்டாயமா?

குன்றேறி:

எடின்பரோவுக்குக் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டு லாப்ரடாருக்கு நான்கு வயது. புதிதாக இந்நகருக்கு வரும் நம்மவர்கள் நாயை அழைத்துக்கொண்டு எங்கே நடக்கலாம் என்று கேட்கும்போதெல்லாம், எங்கும் செல்லலாம், ஆனால் கயிற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்ற பதிலே அவர்களுக்குக் கிடைக்கிறது. அந்தப் பதிலின் பிற்பாதிக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது என் வாதம்.

ஸ்காட்லாந்தின் 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பிறருடைய நிலத்தின் வழியே பொறுப்போடு நடந்துசெல்லும் உரிமையை எல்லோருக்கும் வழங்கியது. நாயுடன் செல்பவருக்கும் அவ்வுரிமை உண்டு. நாய் முறையான கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதே அவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. குரல் கொடுத்தவுடன் திரும்பி வந்து காலருகே நிற்கும் நாய், கயிறு இல்லாவிட்டாலும் கட்டுப்பாட்டில் இருக்கும் நாய்தான். ஹோலிரூட் அரண்மனைக்குப் பின்புறம் எழும் 251 மீட்டர் உயரமுள்ள ஆர்தர்ஸ் சீட் குன்றிலும், நகரின் தென்விளிம்பில் தொடங்கும் பென்ட்லாந்து மலைத்தொடரிலும் என் நாய் கயிறின்றியே நடக்கிறது. இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை. எசமானின் கல்லறையைப் பல ஆண்டுகள் காத்ததாகச் சொல்லப்படும் கிரேஃபிரையர்ஸ் பாபி என்ற நாய்க்கு 1873இல் சிலை எடுத்த நகரம் இது. இங்கு வந்தும் நாயைக் கட்டியே வைத்திருக்க வேண்டுமா?

ஆட்டுப்பட்டி:

நண்பர் குன்றேறிக்கு வணக்கம். நான் கால்நடை மருத்துவம் படித்தவள். குட்டி ஈனும் பருவத்தில் மலையடிவாரப் பண்ணைகளில் பணியாற்றியிருக்கிறேன். சட்டத்தை நீங்கள் பாதியில் நிறுத்திவிட்டதாலேயே எழுத நேர்ந்தது.

நீங்கள் சொல்லும் உரிமை எப்படி நடைமுறையில் செலுத்தப்பட வேண்டும் என்பதை விளக்கவே ஸ்காட்லாந்து வெளிப்புற அணுகல் நெறிமுறை எழுதப்பட்டது. ஆட்டுக்குட்டிகளோ கன்றுகளோ இருக்கும் வயலுக்குள் நாயை அழைத்துச் செல்லவே கூடாது என்றும், மற்றக் கால்நடைகள் மேயும் வயலைக் கடக்கும்போது நாயைக் குட்டைக் கயிற்றிலோ காலோடு ஒட்டியோ வைத்துக்கொள்ள வேண்டும் என்றும், ஏப்ரல் முதல் ஜூலை வரை பறவைகள் தரையில் முட்டையிடும் காலத்தில் மேட்டுப் புதர்வெளிகளிலும் புல்வெளிகளிலும் அதே கவனம் வேண்டும் என்றும் அது சொல்கிறது. வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், ஆண்டின் பெரும்பகுதியில் பென்ட்லாந்துக்குக் கயிறு தேவை என்பதே இதன் பொருள்.

அடுத்தது, கால்நடைப் பாதுகாப்புக்கான 1953ஆம் ஆண்டுச் சட்டம். செம்மறிகள் இருக்கும் வயலிலோ அடைப்பிலோ ஒரு நாய் கயிறும் நெருக்கமான கட்டுப்பாடும் இன்றித் திரிந்தால், அது ஒன்றையும் துரத்தாவிட்டாலும் குற்றமாகலாம். 2021இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, அதிகபட்சத் தண்டனை 40,000 பவுண்டு அபராதமாகவும் 12 மாதச் சிறையாகவும் உயர்ந்தது. இரண்டையும் சேர்த்தே விதிக்கலாம்.

அபராதத்தை ஒதுக்கிவிட்டு ஆட்டின் நிலையிலிருந்து பாருங்கள். ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதங்கள். மலை ஆடுகளில் பெரும்பாலானவை ஏப்ரலில்தான் ஈனுகின்றன. ஆகவே பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மேயும் ஒவ்வொரு பெட்டையும் நிறைசினையாக இருக்கும். நாய் பல் பதிக்க வேண்டியதே இல்லை. இருநூறு அடி விரட்டினால் போதும், அன்றிரவோ மறுவாரமோ கரு கலையக்கூடும். ஈன்ற பிறகு விரட்டப்பட்டால் தாயும் குட்டியும் பிரிகின்றன. சில மணிநேரம் பிரிந்துவிட்ட குட்டியைத் தாய் திரும்பவும் மோந்து ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை. காலையில் பார்க்கச் சென்றால், குளிரில் விறைத்த குட்டி ஒரு பக்கமும், மடி கனத்துக் கத்தும் தாய் ஒரு பக்கமுமாக இருக்கும். இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த நாயின் உரிமையாளர் அன்று மாலை மகிழ்ச்சியாகவே வீடு திரும்பியிருப்பார். தம் நாய் என்ன செய்தது என்பது அவருக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. புகார் வந்ததில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுவே நினைவுக்கு வந்தது.

பாபியைப் பற்றி ஒரு சொல். 1867இல் உரிமம் இல்லாத நாய்களைப் பிடிக்கும் நிலை வந்தபோது, நகரத் தலைவர் வில்லியம் சேம்பர்ஸ் கட்டணம் செலுத்தி அதன் கழுத்தில் ஒரு பட்டையை மாட்டினார். அந்தப் பட்டை இன்றும் எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் சான்றாகிய நாய் கழுத்துப்பட்டையால் பிழைத்த நாய்.

குன்றேறி:

பாபி விஷயத்தில் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். மற்றதில் இல்லை.

நீங்கள் மேற்கோள் காட்டிய 1953ஆம் ஆண்டுச் சட்டமே கயிறு அல்லது நெருக்கமான கட்டுப்பாடு என்று இரண்டையும் சமமாக வைக்கிறது, நெறிமுறையும் அப்படியே. பயிற்சி பெற்ற நாய்க்கும் பயிற்சியற்ற நாய்க்கும் வேறுபாடு உண்டு என்பதைச் சட்டம் இயற்றியவர்களே ஏற்றுக்கொண்டிருக்கும்போது, நாம் ஏன் அதை மறுக்க வேண்டும்? மேலும், நீங்கள் ஆட்டைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் பென்ட்லாந்துக்கே பொருந்தும். ஆர்தர்ஸ் சீட் இருக்கும் ஹோலிரூட் பூங்காவில் இப்போது ஆடுகள் மேய்வதில்லை. லீத் ஆற்றோரமாகப் பலேர்னோவிலிருந்து துறைமுகம் வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளும் நடைபாதையில் ஆடு எங்கே இருக்கிறது? பிளாக்ஃபோர்டு குன்றின் அடிவாரத்தில் இருக்கும் பிரெய்டு ஓடைப் பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறது? ஒரு மலைத்தொடரின் நியாயத்தை நகரம் முழுவதற்கும் நீட்டுவது சரியன்று.

நீரோடை:

ஆடு இல்லாத இடத்தில் எதுவும் இல்லை என்று நண்பர் எண்ணிவிட்டார் போலும். ஹோலிரூட் பூங்காவின் புல்வெளியில் வானம்பாடி தரையிலேயே கூடு கட்டுகிறது. பென்ட்லாந்தில் ஆள்காட்டியும் அவ்வாறே. நம் ஊர்க் கண்மாய்க் கரையில் ஆள்காட்டியின் முட்டைகளை மிதித்துவிடாமல் நடந்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முட்டைக்கும் கூழாங்கல்லுக்கும் வேறுபாடு தெரியாது. நாய் கூட்டைத் தொடாமல் அருகே திரிந்தாலே தாய் எழும்பிவிடும், முட்டை குளிர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தின் கெண்ட் என்ற பழைய நகரத்தை ஒட்டிய நான்கு இயற்கைக் காப்பிடங்களில் நாய்களை எண்ணிக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. நாய்களின் சிறுநீராலும் மலத்தாலும் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் சராசரியாக 11 கிலோ நைட்ரஜனும் 5 கிலோ பாஸ்பரசும் சேர்கின்றன என்று அது மதிப்பிட்டது. உரம் என்றால் நல்லதுதானே என்று சிலர் கேட்கலாம். சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய காட்டுப் பூச்செடிகளுக்கு அது நல்லதன்று. உரம் ஏறிய மண்ணில் காஞ்சொறியும் முரட்டுப் புல்லும் பெருகி அவற்றை மூடிவிடும்.

குன்றேறி:

அதே ஆய்வை நானும் படித்திருக்கிறேன். அதன் மறுபாதி உங்கள் பக்கம் நிற்கவில்லை. எல்லா நாய்களையும் கயிற்றில் பிடித்து, மலத்தை மட்டும் அள்ளாமல் விட்டால், அத்தனை சுமையும் பாதையின் இருமருங்கிலும் குவிந்து, அங்கே நைட்ரஜன் ஹெக்டேருக்கு 175 கிலோ வரை போகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். மலத்தை அள்ளினாலோ, பாஸ்பரஸ் கிட்டத்தட்ட முழுவதும் நீங்கிவிடுகிறது. ஆக, அந்த ஆய்வு முதலில் கேட்பது பையை, கயிற்றை அன்று. நான் இரண்டு பைகள் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை.

ஆட்டுப்பட்டி:

பையைப் பற்றிய இந்த ஒரு கருத்தில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். பசுவுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் மலத்தின் வழியே மேய்ச்சல் நிலத்தில் பரவுகிறது, குடற்புழுக்களும் அவ்வாறே. அள்ளிப் பையில் கட்டி, அதை முள்வேலியில் தொங்கவிட்டுச் செல்பவர்களை என்ன சொல்வதென்று தெரியவில்லை. விட்டிருந்தால் மழையாவது கரைத்திருக்கும்.

ஆனால் கயிறு பாதையோரத்தைக் கெடுக்கிறது என்று நீங்கள் இதிலிருந்து வாதிட முடியாது. பையும் கயிறும் ஒரே கையில் அடங்குபவை. ஒன்றைச் செய்தால் மற்றதிலிருந்து விலக்கு என்று யாரும் சொல்லவில்லை. அதற்கும் மேலாக, நூறு அடி முன்னால் புதருக்குப் பின்னே ஓடும் நாய் எங்கே மலம் கழித்தது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? அள்ளுவதற்கே கயிறு வேண்டும்.

தயங்கும் கால்:

நான் நாய் வளர்ப்பவன் அல்லன். இத்தனை பேர் எழுதியும் மனிதர்களைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதால் குறுக்கிடுகிறேன்.

சிறுவயதில் தெருநாய் கடித்து, தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இந்நாட்டு நாய்களிடம் வெறிநோய் இல்லை என்பது என் அறிவுக்குத் தெரியும். என் கால்களுக்குத் தெரியாது. போன கோடையில் மகளோடு ஹோலிரூட் பூங்காவின் டன்சப்பி குளத்தருகே நடந்துகொண்டிருந்தபோது, ஒரு பெரிய நாய் எங்களை நோக்கி ஓடிவந்தது. "அது ஒன்றும் செய்யாது, விளையாடத்தான் வருகிறது" என்று தொலைவிலிருந்து அதன் உரிமையாளர் கூவினார். உண்மையில் அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மகள் அந்த ஆண்டு முழுவதும் குன்றுப் பக்கம் வர மறுத்துவிட்டாள். அந்த நாய் கட்டுப்பாட்டில்தான் இருந்தது என்று அவர் இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

நாய்க்கு உகந்த பாதை என்று பட்டியல் இடுகிறீர்கள். நாயோடு செல்பவரும் நாய்க்கு அஞ்சுபவரும் ஒரே பாதையில் எதிரெதிரே வரும்போது யார் ஒதுங்குவது என்பதற்கு அந்தப் பட்டியலில் ஒரு வரியாவது இருக்க வேண்டாமா?

குன்றேறி:

உங்கள் பதிவுக்கு மறுமொழி எழுத இரண்டு நாள் ஆயிற்று. நானும் அந்த வாக்கியத்தைக் கூவியிருக்கிறேன்; எத்தனை முறை என்று எண்ணிப் பார்க்க விருப்பமில்லை. ஒதுங்க வேண்டியவர் நாயோடு வருபவர்தான்.

ஆகவே என் பட்டியலைத் திருத்துகிறேன். ஃபுளோட்டர்ஸ்டோனிலிருந்து கிளென்கோர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிச் செல்லும் தார்ச்சாலை, இருபுறமும் மேய்ச்சல் நிலம் என்பதால், ஆண்டு முழுவதும் கயிற்றோடு. அங்கிருந்து ஏறினால் பென்ட்லாந்தின் மிக உயர்ந்த சிகரமாகிய 579 மீட்டர் ஸ்கால்டு லா வரை அதே விதி. மார்ச் முதல் மே முடிய அந்தப் பக்கம் நாயை அழைத்துச் செல்லாமலே இருப்பது மேல். அருகே இருக்கும் காசில்லா குன்றில் இராணுவச் சுடுபயிற்சிக் களம் இருக்கிறது. செங்கொடி பறந்தால் நாயும் வேண்டாம், நீங்களும் வேண்டாம். லீத் ஆற்று நடைபாதையில் ஆடு இல்லாவிட்டாலும் மிதிவண்டிகள் வளைவுகளில் திடீரென வருவதால், என் நாயின் நன்மைக்காகவே கயிறு. பிரெய்டு ஓடையில் மட்டும், மரங்களுக்கிடையே எதிரே வருபவர் தெரியும் நீளத்துக்கு, அவிழ்த்துவிடுவேன். ஹோலிரூட்டில் ஆகஸ்டு முதல் மார்ச் வரை, விடிந்தும் விடியாத வேளையில் அவிழ்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நீரோடை கோபித்துக்கொண்டாலும் சரி.

நீரோடை:

கோபமில்லை. ஆனால் குளத்தருகே வேண்டாம். அன்னங்கள் குளிர்காலத்திலும் அங்கேதான் இருக்கின்றன. உண்ணித் தெள்ளு மருந்தைக் கழுத்தில் ஊற்றிய சில நாட்களுக்கு நாயை எந்த நீரிலும் இறங்கவிடாதீர்கள். அம்மருந்துகளில் பயன்படும் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இங்கிலாந்தின் ஆறுகளில் பரவலாகக் கலந்திருப்பதை சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020இல் கண்டறிந்தார்கள்.

ஆட்டுப்பட்டி:

கயிற்றுக்காக இவ்வளவு வாதிட்ட நானே கயிற்றை விடச் சொல்லும் ஒரு தருணம் உண்டு. புதிதாகப் படிப்பவர்கள் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். கன்றோடு இருக்கும் மாடுகள் உங்களை நோக்கி விரைந்து வந்தால், அவை விரட்டுவது பெரும்பாலும் நாயைத்தான். உடனே கயிற்றை விட்டுவிட்டு, ஓடாமல், அருகிலிருக்கும் வாயிலை நோக்கி நடந்துவிடுங்கள். நாய் மாட்டைவிட வேகமாக ஓடும், நம்மால் முடியாது. நாயைக் காப்பாற்ற எண்ணி மார்போடு தூக்கி அணைத்துக்கொள்வதுதான் ஆளுக்கே ஆபத்தாக முடிகிறது.

தயங்கும் கால்:

குன்றேறி அவர்களே, விடிந்தும் விடியாத வேளை என்பது எத்தனை மணி வரை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மகளிடம் சொல்ல வேண்டும்.

குன்றேறி:

எட்டு மணி வரை. அதற்குப் பிறகு என்னை அங்கே கண்டால் கையில் கயிறு இருக்கும்.